புரோக்கர் கிளம்பிப் போன பிறகு: வேலூரில் வீடு, லாட்ஜ் நிர்வாக வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு

பிராப்பர்ட்டி மேனேஜ்மென்ட் என்று சொன்னால் வேலூரில் பாதிப் பேர் "புரோக்கரா?" என்று கேட்பார்கள், மீதிப் பேர் "வாட்ச்மேனா?" என்பார்கள். இரண்டும் இல்லை. புரோக்கர் வீட்டைக் காட்டுவார், ஆளைப் பிடித்துத் தருவார், கமிஷன் வாங்குவார், சாவி கைமாறியதும் கிளம்பிவிடுவார். அதற்கு அப்புறம் அந்த வீட்டில் நடக்கிற எல்லாவற்றையும், வாடகை வசூலில் ஆரம்பித்து மோட்டார் ரிப்பேர், மேல்வீட்டு பாத்ரூம் ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரை ஊறுவது, கரன்ட் பில் சண்டை, காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்பது வரைக்கும், உரிமையாளருக்காக நின்று பார்த்து அவருக்குக் கணக்குக் கொடுப்பதுதான் இந்த வேலை.

நம் ஊரில் இதை இத்தனை காலமும் யாரோ ஒருவர் சும்மாவே செய்துகொண்டிருந்தார். ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி, ரிட்டயரான சித்தப்பா, சாவியை வாங்கி வைத்துக்கொள்கிற எதிர்வீட்டு அக்கா. இப்போது தம்பி ஓசூரிலோ பெங்களூரிலோ இருக்கிறார், சித்தப்பாவுக்கு மாடி ஏற முடியவில்லை. வீட்டுக்காரர் துபாயிலோ டெக்சாஸிலோ இருந்துகொண்டு நடு ராத்திரியில் "தண்ணி வரல சார்" என்கிற வாட்ஸ்அப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சும்மா கிடைத்த வேலை கிடைக்காமல் போனதால்தான் அதற்கு ஒரு விலை வந்திருக்கிறது.

வேலூரின் வாடகைச் சந்தை மற்ற மாவட்டத் தலைநகரங்களைப் போன்றது இல்லை. இங்கே குடிவருகிறவர்களில் பெரும் பகுதியினர் ஊருக்குத் தற்காலிகமாக வந்தவர்கள். 1900ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்கம், ஜார்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். ஆபரேஷன் முடித்து நான்கு நாளில் திரும்புகிறவர்களும் உண்டு, எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற சிகிச்சைக்காகக் குடும்பத்தோடு மாதக்கணக்கில் தங்குகிறவர்களும் உண்டு. காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி.; 1984ல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியபோது சுற்றிலும் வயல்தான், இப்போது பிரம்மபுரம் வரைக்கும் மாணவர்களுக்கென்றே கட்டிய வீடுகள். மூன்றாவது ராணிப்பேட்டை: சிப்காட், பி.எச்.இ.எல்., தோல் தொழிற்சாலைகள், 2022ல் திறந்த சி.எம்.சி.யின் புதிய வளாகம். இந்த மூன்று வகையினருமே கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகிறவர்கள். குடித்தனக்காரர் அடிக்கடி மாறுகிற ஊரில் புரோக்கருக்கு வருமானம் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் கணக்குப் பார்க்க, சுவரைப் பார்க்க, சாவியை எண்ண ஒரு ஆள் வேண்டும் என்பதும் அதே அளவுக்கு உண்மை, அந்த இடம் இன்னும் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது.

சரி, இந்த வேலைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 2017ல் இயற்றியது. அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் சொத்து மேலாளர் என்கிற ஆளும், அவருடைய கடமைகளும் பேசப்படுகின்றன: ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, உரிமையாளர் சார்பில் அவசியமான ரிப்பேர்களைச் செய்வது, அவ்வப்போது வீட்டைப் போய்ப் பார்ப்பது, நோட்டீஸ் கொடுப்பது, தகராறு வந்தால் தீர்க்க உதவுவது. புதிதாக வருகிறவர் வேறு எதைப் படிக்கிறாரோ இல்லையோ, இந்தச் சட்டத்தை ஒருமுறை உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட வேண்டும். நீளமான சட்டமும் இல்லை.

அதில் அன்றாடம் உதவுகிற விஷயங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு இல்லை, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் இதற்கென்று இருக்கிறார், அரசின் இணையதளம் வழியாகவே செய்யலாம். நாம் வழக்கமாகப் போடுகிற பதினொரு மாத அக்ரிமென்ட் வேறு கதை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதைத் தவிர்ப்பதற்காக வந்த பழக்கம் அது, அதனால் வாடகை அதிகாரியிடம் போகவேண்டிய அவசியம் தீர்ந்துவிடாது. வேறு விதமாக இருவரும் ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. உரிமையாளரோ மேலாளரோ வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். வாடகை பாக்கிக்காகத் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்தக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் ஃபோனில் வீட்டுக்காரர் முதலில் சொல்வதே "ஃபியூஸைப் பிடுங்கிடு தம்பி" என்பதுதான். செய்வது உங்கள் கை, பதில் சொல்லவேண்டியவரும் நீங்கள்தான்.

சட்டத்தின் பின்னால் இருக்கிற அட்டவணை இன்னும் சுவாரசியம். எந்த ரிப்பேர் யாருடையது என்று அதில் பிரித்தே போட்டிருக்கிறார்கள். கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர், வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயின்ட், தேவைப்படும்போது பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், வாஷ்பேசின், சுவிட்ச், பிளக், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, கீசர் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. இதில் கீசர்தான் வேலூரில் தகராறு. போர் தண்ணீரில் உப்பு அதிகம் இருக்கிற பகுதிகளில் கீசர் காயில் சுண்ணாம்பு படிந்து அடிக்கடி போகும், இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகப்போகிற நோயாளிக் குடும்பத்தின் தலையில் அந்தச் செலவைக் கட்டுவது நியாயமே இல்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள இடம் இருக்கிறது, எழுதிவிடுங்கள். குறைந்த நாள் தங்குகிறவருக்கு கீசர், ஏ.சி., மோட்டார் மூன்றும் உரிமையாளர் செலவு என்று முதலிலேயே போட்டுவிட்டால் பாதிச் சண்டை பிறக்கவே பிறக்காது.

வருமானத்தைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேசுவது ஏமாற்று. மாத வாடகையில் இத்தனை சதவீதம் என்று பேசி நிர்வாகக் கட்டணமாக வாங்குவதுதான் வழக்கம். எட்டு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்துவாச்சாரியில் 10,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு மாதம் 800 ரூபாய். இப்படி 25 வீடு இருந்தால்தான் 20,000 ரூபாய் வரும், அதிலிருந்து பெட்ரோலும் ஃபோனும் போகும். முதல் வருடத்திலேயே 25 வீடு யாரும் கொடுக்க மாட்டார்கள். வேலையை விட்டுவிட்டு விசிட்டிங் கார்டு அடிக்கிறவர்கள் ஆறு மாதத்தில் புரோக்கர் தொழிலுக்கே திரும்பிப் போவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. வீடுகள் கிட்டக் கிட்ட இருக்க வேண்டும்: பாகாயத்தில் ஒன்று, சேர்க்காட்டில் ஒன்று, வாலாஜாவில் ஒன்று என்று எடுத்தால் எட்டு சதவீதமும் வண்டியிலேயே கரைந்துவிடும், காந்தி நகர், விருதம்பட்டு என்று ஒரே வட்டாரத்தில் பத்து வீடு எடுத்தால் ஒரே பிளம்பரை ஒரே நடையில் மூன்று இடத்துக்குக் கூட்டிப்போகலாம். இன்னொன்று, தனி வீடுகளை மட்டும் நம்பாமல் ஒரே கட்டடத்தில் பல அறைகள் உள்ள இடங்களை, அதாவது ஹாஸ்டல், சர்வீஸ் அபார்ட்மென்ட், நோயாளிகள் தங்கும் லாட்ஜ் மாதிரியானவற்றைப் பிடிக்க வேண்டும். அதற்கு யாரும் அனுபவம் இல்லாதவரை விடமாட்டார்கள். ஆகவே முதலில் எங்காவது சம்பளத்துக்குச் சேருவதுதான் சரி என்பது என் கருத்து.

எங்கே சேருவது? டிகிரி முடித்தவுடன் சென்னை, பெங்களூர் போகிற வழி ஒன்று உண்டு. ஜே.எல்.எல்., சி.பி.ஆர்.இ. மாதிரி நிறுவனங்கள் ஐ.டி. வளாகங்களையும் அலுவலகக் கட்டடங்களையும் நிர்வகிக்கின்றன, அங்கே ஃபெசிலிட்டி எக்ஸிக்யூட்டிவ் என்று சேரலாம், ஷிஃப்ட், ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்), ஃபயர் ஆடிட், வென்டர் பில் எல்லாம் பழகிவிடும். டிப்ளமோ எலக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கு அங்கே உண்மையிலேயே மதிப்பு. இஃப்மா சான்றிதழ், ரிக்ஸ் உறுப்பினர் என்று கட்டட நிர்வாகத் துறையின் சர்வதேச அமைப்புகள் தருகிற தகுதிகளெல்லாம் அந்தப் பக்கம் மேலே ஏற உதவும். காட்பாடியில் ஒரு வீட்டுக்காரர் அதைக் கேட்கப் போவதில்லை.

உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்றால் லாட்ஜ் ரிசப்ஷன்தான் சிறந்த பள்ளிக்கூடம் என்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள், எம்.பி.ஏ. படித்துவிட்டு லாட்ஜிலா என்று. சி.எம்.சி.யைச் சுற்றி காந்தி ரோடு, தோட்டப்பாளையம், சைதாப்பேட்டைப் பக்கம் இருக்கிற லாட்ஜ்களில் ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்தால், புத்தகத்தில் இல்லாத இரண்டு விஷயம் வரும். ஒன்று பாஷை: இந்தி கட்டாயம், வங்காளம் கொஞ்சமாவது வந்தால் நீங்கள் வேற லெவல், அங்கே கடைப் பலகையே வங்காளத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று மனிதர்கள். இங்கே தங்குகிறவர் சுற்றுலாவுக்கு வந்தவர் இல்லை. அறையில் சமைத்துச் சாப்பிட வேண்டும், சிலிண்டரோ இன்டக்ஷன் அடுப்போ வேண்டும், மீன் வாங்க எங்கே போவது என்று கேட்பார், அடுத்த பரிசோதனை தேதி தள்ளிப்போனால் பதினைந்து நாள் என்று எடுத்த அறையை இன்னும் ஒரு மாதம் நீட்டச் சொல்வார், கையில் பணம் தீர்ந்திருக்கும். "தாதா, ஊர்ல இருந்து பணம் நாளைக்கு வரும்" என்பவரிடம் எவ்வளவு இறங்குவது, எங்கே நிற்பது என்பதை முதலாளியும் ஒப்புக்கொள்கிற மாதிரி முடிவு செய்யக் கற்றுக்கொண்டால் அதற்கப்புறம் எந்தக் குடித்தனக்காரரையும் சமாளிக்கலாம்.

சட்டப் பழக்கமும் அங்கேதான் வரும். வங்கதேசத்திலிருந்து வருகிறவர் வெளிநாட்டவர். அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரங்களை ஆன்லைனில் அரசுக்கு அனுப்ப வேண்டும், சி ஃபார்ம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். லாட்ஜ்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆனால் வீட்டின் ஒரு போர்ஷனை வெளிநாட்டு நோயாளிக்கு விடுகிறவருக்கும் இதே பொறுப்பு உண்டு என்பது பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது, போலீஸ் வந்து கேட்கும்போதுதான் தெரியும். இதை மட்டும் ஒழுங்காகச் செய்து கொடுத்தாலே நாலு வீட்டுக்காரர் உங்களைத் தேடி வருவார்கள். பெண்கள் விடுதி என்றால் தனிச் சட்டம்: 2014ஆம் ஆண்டின் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வேண்டும். மாடியில் நாலு கட்டில் போட்டு "லேடீஸ் பி.ஜி." என்று போர்டு மாட்டிவிட்டு, அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறவர்களிடம் முதலில் உரிமத்தைக் கேளுங்கள். இல்லை என்றால் வாங்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அந்த வேலை வேண்டாம்.

தொழில்நுட்ப விஷயத்தில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். கரன்ட்டில் எனக்குத் தெரிந்து தொண்ணூறு சதவீதச் சண்டை மீட்டரைப் பற்றியது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஒரு வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். மூன்று போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால் மூன்று குடும்பத்தின் யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடும். வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு விலை போடுவார், மாணவர்கள் இணையத்தில் கட்டணப் பட்டியலைப் பார்த்துவிட்டு "அண்ணா, இது கவர்மென்ட் ரேட் இல்லையே" என்று வந்து நிற்பார்கள். தனித்தனி இணைப்பு வாங்குவதுதான் நிரந்தரத் தீர்வு, அதற்கு அலைவது உங்கள் வேலை. சொத்து வரியும் அப்படித்தான், அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். வெளிநாட்டில் இருக்கிற உரிமையாளருக்கு அதை ஞாபகமாகக் கட்டி ரசீதை அனுப்புகிறவர் மேல் வருகிற மரியாதையே தனி.

வெயிலைச் சொல்லாமல் விட்டால் வேலூர்க்காரன் இல்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடு டிசம்பரில் சட்டென்று போய்விடும், மே மாதம் காலியாகும். உரிமையாளரிடம் கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கச் சொல்லிச் செலவு செய்ய வைப்பதும், அது வீடு காலியாகக் கிடக்கிற காலத்தைக் குறைக்கிறதா என்று கணக்குக் காட்டுவதும்தான் நிர்வாகம். கோடையில் போர் வற்றினால் லாரித் தண்ணீர்ச் செலவை யார் ஏற்பது என்பதையும் ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுத வேண்டும்.

செப்டிக் டேங்க் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். அடைப்பு எடுக்க ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஆளைக் கூட்டிவருகிறேன் என்று மேஸ்திரி சொல்வார், லாரிக்காரர் தெரு குறுகல் என்று வரமாட்டார், மேல்வீட்டில் நாற்றம் தாங்காமல் கத்திக்கொண்டிருப்பார்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது, வேலைக்கு வைத்தவர் என்கிற முறையில் பொறுப்பு உங்கள் மேலும் வரும். அதைவிட முக்கியம், விஷவாயுவில் ஆள் செத்துப்போவார். உரிமம் உள்ள லாரி வரும் வரைக்கும் வீட்டைக் காலி செய்து லாட்ஜில் உட்கார வைத்தாலும் சரி, அந்தச் செலவை உரிமையாளரிடம் வாங்குங்கள்.

இன்னொரு அசிங்கமான விஷயமும் உண்டு, யாரும் வெளிப்படையாகப் பேச மாட்டார்கள். "யாருங்க, நம்மாளா?" என்று கேட்கச் சொல்வார்கள். முஸ்லிம்கள் வேண்டாம், கவிச்சி சமைக்கிறவர்கள் வேண்டாம், காலனிக்காரர்கள் வேண்டாம், பேச்சிலர் வேண்டாம் என்று ஒரு பட்டியலையே உங்கள் கையில் கொடுத்து, சொல்கிற வேலையை மட்டும் உங்கள் வாயால் செய்ய வைப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று இஸ்லாமியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் தொழிலை நடத்திவருகிற மண்ணில், வங்காளத்திலிருந்து மீன் சாப்பிடுகிறவர் மருத்துவத்துக்கு வருகிற ஊரில், இந்தப் பட்டியலோடு தொழில் செய்தால் பாதி வீடு பூட்டியே கிடக்கும் என்பது ஒரு பக்கம். அது சரியில்லை என்பது அதற்கு முந்தைய பக்கம். எத்தனை பேர், என்ன வேலை, எவ்வளவு காலம், வாடகை எப்படிக் கட்டுவார்கள், இந்த நாலைத் தவிர வேறு எதையும் கேட்க மாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சிலர் போய்விடுவார்கள், போகட்டும்.

கணக்கு விஷயத்துக்கு வருவோம், இந்தத் தொழிலில் பெயர் வாங்குவதும் கெடுவதும் அதில்தான். வாடகை உங்கள் ஜிபே எண்ணுக்கு வரவே கூடாது. குடித்தனக்காரர் நேராக உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், உங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் போதும். உரிமையாளர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கிற வங்கிக் கணக்குக்கு. அதோடு, அப்படிப்பட்டவருக்கு வாடகை கொடுக்கிறவர் வருமான வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும், 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்துப் பொதுவாக 31.2 சதவீதம், தொகை சின்னது என்பதால் விலக்குக் கிடையாது. குடித்தனக்காரருக்கு டான் எண் (வரி பிடித்தம் செய்கிறவர் வாங்க வேண்டிய எண்) வேறு தேவைப்படும். பெரும்பாலான இடத்தில் இது நடப்பதே இல்லை, கம்பெனி லீஸுக்கு வீடு கொடுக்கும்போது மட்டும் திடீரென்று முளைத்து எல்லோரும் விழிப்பார்கள். ஒரு ஆடிட்டரைப் பழக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்பேருக்கு ஒரு முன்பணம், அதற்கு ஒரு வரம்பு. 2,000 ரூபாய் வரைக்கும் கேட்காமல் செய்வேன், அதற்கு மேல் ஃபோட்டோவும் இரண்டு கொட்டேஷனும் அனுப்பிவிட்டுத்தான் செய்வேன் என்று எழுதி வாங்கிக்கொண்டால் போதும். பிளம்பரிடம் கமிஷன் வாங்காதீர்கள். வேலூர் சின்ன ஊர், அவர் இன்னொரு வீட்டில் சொல்லிவிடுவார்.

கடைசியாக, உங்களுக்கும் உரிமையாளருக்கும் நடுவே ஒரு ஒப்பந்தம். குடித்தனக்காரரோடு பத்திரத்தில் எழுதச் சொல்கிற அதே ஆள், தன்னுடைய கட்டணத்தை வாய்ச்சொல்லில் விட்டுவிடுவது இங்கே சகஜம். எந்த வீடு, என்னென்ன வேலை, எவ்வளவு கட்டணம், வீடு காலியாக இருக்கிற மாதத்துக்குக் கட்டணம் உண்டா இல்லையா, நிறுத்திக்கொள்ள எத்தனை நாள் நோட்டீஸ் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வீட்டின் பத்திர நகல், வரி ரசீது, மின் இணைப்பு எண் மூன்றையும் பார்த்துவிட்டு எடுங்கள். பழைய பத்திரங்களில் வட ஆற்காடு மாவட்டம் என்றே இருக்கும், 1989ல் அது பிரிந்தது, 2019ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகின, ஆகவே வீடு இப்போது எந்த ஆட்சியர் அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கிற வீடு என்றால் வாரிசுகள் எல்லோரின் கையெழுத்தும் இல்லாமல் தொடாதீர்கள், அண்ணன் தம்பி சண்டையில் வாடகை யாருக்கு என்று நடுவில் மாட்டுவது நீங்கள்தான்.

பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கிறேன் என்று சிலர் தாராளமாகச் சொல்வார்கள். விற்கிற, அடமானம் வைக்கிற அதிகாரம் அடங்கிய பொது அதிகாரப் பத்திரம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். வாடகை ஒப்பந்தம் போடவும், மின்வாரியத்திலும் மாநகராட்சியிலும் மனுக் கொடுக்கவும் மட்டும் பேசுகிற குறிப்பிட்ட அதிகாரப் பத்திரம் போதும். வெளிநாட்டில் இருந்து அனுப்பினால் அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்; தேதியைக் கவரின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள்.